டிரைவர் கையில் கட்டிய கயிறு

எங்கள் டிரைவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அந்தப் பெருமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். கன்னம் உப்ப விசில் ஊதுவேன், அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். பேரளியில் இறங்க வேண்டியவர்கள் ஒரு மைல் திரும்பி நடப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "டாக்டரு எழுதிக் குடுத்துட்டா லைசென்ஸ் போயிடும் தம்பி. புள்ள குட்டியோட எங்க போவேன்?" என்பார். பாவமாக இருந்தது. ஒரு கயிறு வாங்கி ஒரு முனையை அவர் இடது கையில் கட்டினேன். மேல் கம்பி வழியாக ஓடி மறுமுனை பின் படிக்கட்டில் தொங்கும். ஒரு இழுப்புக்கு நிற்க வேண்டும், இரண்டுக்குக் கிளம்ப வேண்டும். பயணிகள் யாரும் முதலாளியிடம் மூச்சு விடவில்லை. நல்ல ஜனங்கள். ஒரே குறை, டிக்கெட் கேட்கும்போது வாய்க்குள்ளேயே முனகுவார்கள். "வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமா?" என்று எரிந்து விழுவேன்.

ஒரு சந்தை நாள். ஆட்டோடு ஏறிய ஒருவர், தொங்கிய கயிறு ஆடு கட்டத்தான் என்று நினைத்து அதில் கட்டிவிட்டார். அதற்கப்புறம் பஸ்ஸை ஓட்டியது ஆடுதான். ஒரு தரம் தலையை ஆட்டினால் நின்றது, இரண்டு தரம் ஆட்டினால் கிளம்பியது. பருத்திக்காட்டு நடுவில் ஆள் ஏறாமல் இறங்காமல் ஏழெட்டுத் தடவை நின்றோம். கடைசித் தடவை, பின்னால் வந்த லாரி முட்டாமல் நின்றது ஒரு முழ இடைவெளியில். லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தானாம். டிரைவருக்குக் கேட்கவில்லை. எனக்கும்தான் கேட்கவில்லை. கூட்ட இரைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

"லைசென்ஸ் இல்லாத ஆடு ஓட்டுதுண்ணே. கெளம்புங்க திருச்சி ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

காதை அடைத்திருந்தது, தீக்குச்சியால் குடைந்து குடைந்து அவரே உள்ளே தள்ளிவைத்த குறும்பிதான். டாக்டர் எடுத்துப் போட்டதும், ஃபேன் சத்தம் கேட்குது என்று அழுதார் மனுஷன்.

"விசில் ஊதுறவரும் உக்காருங்க" என்றார் டாக்டர். கெத்தாக உட்கார்ந்தேன். கவட்டை மாதிரி ஒரு இரும்பை என் காதருகே பிடித்து, "கேக்குதா?" என்றார்.

"மொதல்ல அடிங்க சார், அப்புறம் கேளுங்க."

வாசலில் நின்ற டிரைவர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "தம்பி, இங்க நிக்கிற எனக்கே கேக்குதே."

விசிலுக்கும் இன்ஜினுக்கும் போன நரம்பு திரும்பாதாம். முன்னாலேயே வந்திருந்தால் நிறைய மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். நான் எரிந்து விழுந்த முகங்களெல்லாம் ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

மறுநாள் டிரைவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். பேரளியில் பஸ் நின்றது, கை வெடுக்கென்று இழுபட்டது. திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு அம்மா, "எறங்கணும், ஓல்டேன், ஓல்டேன்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.