பரவாயில்லைக்குக் கிடைத்த பதவி

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. மெத்தைக் கம்பெனியில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நுரை வெட்டும் பிரிவில் சேர்ந்த புதிதில் யாரோ பசை டப்பாவை அவர் கால் மேல் கவிழ்த்துவிட்டார்கள். செருப்போடு தரையில் ஒட்டிக்கொண்டு, நகர முடியாமல் நின்றபடியே, "பரவால்லங்க, பரவால்ல, நீங்க வருத்தப்படாதீங்க" என்று கவிழ்த்தவரைத் தேற்றினார். அன்றிலிருந்து அவர் பெயர் 'பரவாயில்லை'.

ஆசையில்லாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். மனசுக்குள் எல்லா ஆசையும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்வதுதான் சட்டை போடாமல் கடைத்தெருவுக்குப் போவது மாதிரி கூச்சம். நமக்கு வேண்டியதை நாமே கேட்கக் கூடாது. கொடுத்தாலும் சட்டென்று கை நீட்டக் கூடாது. இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை, கொடுப்பவர் மனசு நோகுமே என்பதற்காக வாங்கிக்கொள்வதுபோல வாங்க வேண்டும். இப்படித்தான் வளர்ந்தார். அந்தப் பிரிவில் எல்லோருமே அப்படி வளர்ந்தவர்கள். யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால், "நீங்க எடுங்க", "முதல்ல நீங்க" என்று சுற்றிச் சுற்றி வந்து, நமுத்துப்போன பிறகுதான் அது ஒரு வாய்க்குள் போகும்.

கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். மேனேஜராக ஓர் அம்மா வந்தார். ஒட்ட வெட்டிய தலைமுடி, வேகமான நடை. கிளம்புவதற்கு முன்பே ஆசிரியர் வைத்துத் தமிழ் படித்தவர். ஓர் எழுத்தைக் கூட விழுங்காமல் பேசுவார். அவருடைய ஊரில் 'ஆம்' என்றால் ஆம், 'இல்லை' என்றால் இல்லை. ஒருவர் சொன்ன பதிலை மறுபடி கேட்பது, அவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

முதல் நாளே பரவாயில்லையைத் தன் அறைக்கு அழைத்து, பிளாஸ்க்கைத் திறந்தார்.

"காபி அருந்துகிறீர்களா?"

"ஐயோ, வேணாம் மேடம்."

"நல்லது" என்று மூடியைத் திருகி வைத்துவிட்டார்.

பேச்சு முடியும்வரை பரவாயில்லை அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசனை மட்டும் அறை முழுக்கச் சுற்றியது.

காபியோடு போயிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த வருஷம் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அடுத்து பரவாயில்லைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்தாள். பதவி வருவதற்கு முன்பே அங்கே வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். அவர்களால் பதில் பேச முடியாததால் யாரும் மறுக்கவில்லை.

மேனேஜரம்மா கூப்பிட்டார். "மேற்பார்வையாளர் பதவி உங்களுக்கு வேண்டுமா?"

பரவாயில்லையின் மனசு 'வேணும், வேணும்' என்றது. ஆனால் வாய் தன் வழக்கத்தை விடவில்லை. "எனக்கெதுக்கு மேடம்? என்னைவிடத் தகுதியானவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க."

"உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன்" என்று கைகுலுக்கி, கதவைத் திறந்துவிட்டார் மேனேஜரம்மா.

அடுத்து வெட்டும் மிஷின்காரரைக் கூப்பிட்டார். அவரும், "சீனியர் இருக்கறப்ப நான் எப்படிங்க" என்றார். அதற்கடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பிரிவில் ஒருவர் பாக்கியில்லாமல் உள்ளே போய், ஆசையோடு மறுத்துவிட்டு, முகம் தொங்கி வெளியே வந்தார்கள். கடைசி ஆளும் போன பிறகு மேனேஜரம்மா அண்ணாந்து பார்த்தார். ஏணியின் உச்சியில் ஏசி மெக்கானிக் ஒருவர் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். வெளியாள்தான். காலையில்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு வேண்டுமா?"

"சரி. எப்பலேருந்து?" என்றார் அவர், திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

இப்படியாக நுரை வெட்டும் பிரிவுக்கு ஏசி மெக்கானிக் சூப்பர்வைசரானார். இந்நாட்டு மக்கள் பதவியாசையே இல்லாத ஞானிகள் என்று மேனேஜரம்மா தலைமையகத்துக்குத் தெரிவித்தார். தலைமையகம் நெகிழ்ந்துபோனது.

புது சூப்பர்வைசருக்கு மெத்தை என்றால் படுப்பது என்ற அளவில் தெரியும். குளிர் என்றால்தான் கரைகண்டவர். ஒரே வாரத்தில் பிரிவில் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து வேண்டுமென்றால் ஏணிமேல் ஏறிப் போய் வாங்க வேண்டும். எந்த நுரை எந்த அளவு என்று தினமும் ஏணியடியில் நின்று அண்ணாந்து சொல்லிக்கொடுத்தது யார்? நம்ம பரவாயில்லைதான். "சிரமம் குடுக்கறேன்" என்று மேலிருந்து குரல் வரும். "பரவால்லங்க" என்று பல் கிட்டிக்கப் பதில் போகும்.

வீட்டில் பூகம்பம்.

"ஏங்க, உங்களுக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா? வேணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டதும் சரின்னா அலையறான்னு நெனைக்க மாட்டாங்களா? இன்னொரு தடவை கேப்பாங்கன்னு இருந்தேன்."

"அவங்க ஊர்ல ஒரு தடவைதான் கேப்பாங்களாம். இனிமே நீங்க 'வேணும்'னு சொல்லிப் பழகணும்."

அன்று மாலையே பயிற்சி ஆரம்பமானது. மனைவி மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"காபி வேணுமா?"

"இருக்கட்டும்... உனக்கு இருக்கா?"

"போச்சு!" காபி சமையலறைக்குத் திரும்பிப் போனது. அந்த வாரம் முழுக்க அவருக்குக் காபியே கிடைக்கவில்லை. கடைசியில் தலைவலி தாங்காமல் ஒரு நாள் "வேணும்!" என்று கத்தியேவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

சொல்லிப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லின் ருசி தெரிந்தது. பஸ்ஸில், "உக்காருறீங்களா?" என்று ஒருவர் எழுந்தார். பரவாயில்லை டக்கென்று உட்கார்ந்துவிட்டார். எழுந்தவருக்கே கொஞ்சம் அதிர்ச்சி.

அடுத்தது மனைவியின் அக்கா வீடு. விடுமுறைக்குப் போய்விட்டுக் கிளம்பும் நேரம். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சகலை கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்: "என்ன அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல?"

"சரி, இருக்கோம்" என்றார் பரவாயில்லை.

சகலையின் கை கேட்டிலேயே உறைந்துபோனது. பெட்டி திரும்ப உள்ளே போனது. இரண்டு நாளும் அக்கா சிரித்த முகமாகவே இருந்தாள், அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை. போதாக்குறைக்கு, "தூக்கம் எப்படி?" என்று சகலை கேட்டதற்கு, "நுரை மட்டம். முதுகு போச்சு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"உங்களை ஆபீஸ்ல சொல்லச் சொன்னா எங்கக்கா வீட்டுலயா சொல்வீங்க?" என்று மனைவி வழி நெடுக அழுதாள். எதை எங்கே சொல்ல வேண்டும் என்பது பாடத்தில் இல்லையே என்று அவருக்கு வருத்தம்.

ஊர் திரும்பினால் கம்பெனியில் ஒரு செய்தி காத்திருந்தது. "தரையில நின்னு பாக்கற வேலை எனக்கு ஒத்து வரலைங்க" என்று சொல்லிவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏசி மெக்கானிக் போய்விட்டாராம். பதவி மறுபடியும் காலி.

இதற்கிடையில் மேனேஜரம்மாவும் சும்மா இருக்கவில்லை. தன் தமிழாசிரியருக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்த ஊரில் முதல் பதிலை ஒருபோதும் நம்பாதீர்கள். மூன்று முறை கேளுங்கள்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மேனேஜரம்மா எதையும் அரைகுறையாகக் கற்பவர் அல்ல. அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார்.

பரவாயில்லையைக் கூப்பிட்டார். "மேற்பார்வையாளர் பதவி வேண்டுமா?"

"வேணும்!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மேனேஜரம்மா கனிவோடு தலையசைத்தார். "புரிகிறது. என் மனம் புண்படக்கூடாது என்று சொல்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டாம்."

"இல்ல மேடம், நெஜமாவே வேணும்!"

"இரண்டாவது முறையும் மறைக்கிறீர்கள். எவ்வளவு பண்பாடு!"

"மேடம், சத்தியமா வேணும் மேடம்!"

மேனேஜரம்மாவின் கண் கலங்கியது. "மூன்று முறை. போதும், இனி உங்களை வற்புறுத்த மாட்டேன்."

பரவாயில்லைக்கு ரத்தம் தலைக்கேறியது. பட்டினி கிடந்து கற்றுக்கொண்ட ஒரே ஒரு சொல், அதுவும் செல்லாக்காசு. மேஜையை ஓங்கித் தட்டினார். "எனக்குப் பதவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! ஆளை விடுங்க!"

மேனேஜரம்மா துள்ளி எழுந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஒரு விரலை மடக்கினார். "தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்."

"வேணாங்கறேன்ல?"

இரண்டாவது விரலும் மடங்கியது. "உங்களை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

அந்த மடங்கிய விரல்களைப் பார்த்ததும்தான் பரவாயில்லைக்குப் பொறி தட்டியது. கோபமெல்லாம் இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். கையைக் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பரம்பரை பரம்பரையாக வந்த அந்தக் குரலில் சொன்னார்:

"நீங்க இவ்வளவு தூரம் சொல்றப்ப... எப்படி மறுக்கறது மேடம்."

மேனேஜரம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அன்று பிளாஸ்க்கும் திறந்தது. மூன்று முறை கேட்டு, மூன்று கோப்பை ஊற்றினார்.

சூப்பர்வைசரான பிறகு ஒரு சிக்கல். வெட்டுபவர் ஒருவர் தினமும் தாமதமாக வந்துகொண்டிருந்தார். கண்டிக்க வேண்டும். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பாவம், பிள்ளைகுட்டிக்காரர். ஆகவே பரவாயில்லை அவர் காதுபட வெட்டும் மிஷினைத் திட்டினார். "உனக்கு நேரத்துக்கு வரத் தெரியாதா? சம்பளம் மட்டும் கரெக்டா வேணுமா? நாளைலேருந்து ஒழுங்கா வரல, வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

மறுநாளிலிருந்து அந்த ஆள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

ஆனால் அந்தப் பக்கமாகப் போன மேனேஜரம்மாவும் அதைக் கேட்டுவிட்டார். வெளியூரிலிருந்து இரண்டு என்ஜினியர்கள் வந்து இறங்கினார்கள். மிஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பரப்பி, அது ஏன் தாமதமாக வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை பக்கத்திலேயே நின்று, அவர்கள் கேட்ட ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.