மச்சாள் பேசிய வேற்றுக்கிரக மொழி

குளிர் தொடங்கி முதன்முதலாக ஹீட்டரைப் போடும்போது, கோடை முழுவதும் அதற்குள் படிந்த தூசி கருகி மணக்கும். நேற்று லண்டன் டூட்டிங்கில் என் அறையில் அந்த மணம் வந்தது. உங்களுக்கு அது வெறும் தூசியாக இருக்கலாம். எனக்கு அது வெம்பிளியில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகம். கணினி படித்து முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த இடம். படங்களுக்குச் சப்டைட்டில் போடுவோம். எந்த வரி எப்போது வர வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. மனிதர்கள் குறித்த நேரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்ற குணம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. வீட்டில் இன்றைக்கும் அதற்குத் திட்டு வாங்குகிறேன்.

அந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்துதான் அந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். விஞ்ஞானக் கதை, ஆனால் வெடிச்சத்தம் கிடையாது. வேறு கிரகத்துப் பெண் ஒருத்தி, மழை ஓயாத ஒரு துறைமுக ஊரில் யாருக்கும் விளங்காத மொழி பேசித் திரிகிறாள். கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் என் மாமாவின் மகள், பாரிஸில் இருக்கும் சுபா மச்சாள்.

உன் மொழியில் எதையாவது பேசு, அர்த்தம் தேவையில்லை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். மச்சாளுக்கு அர்த்தமில்லாமல் பேசத் தெரியாது. அகதியாக வந்தவர், ஊருக்குப் போக முடியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் மாமா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். கமராவுக்கு முன்னால், கடலைப் பார்த்துக்கொண்டு, மச்சாள் மாமாவோடுதான் பேசினார்.

"அப்பா, இப்பத்தான் பாஸ்போட் தந்தவங்கள். இனி வந்து ஆரைப் பாக்கிறது?"

பிறகு கப்பல் படியில் கால் வைத்துத் திரும்பி, "சரியப்பா, போட்டு வாறன்."

நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். போய்விட்டு வருகிறேன் என்ற அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது போனது. போகிறேன் என்று எங்கள் வாயால் சொல்ல மாட்டோம், வாறன் என்றுதான் சொல்வோம் என்பதை இரண்டு நொடிக்குள் எப்படி அடக்குவது? நான் மினக்கெட்டதெல்லாம் வீண். வரிகளை எடுத்துவிடும்படி படக் கம்பனியிலிருந்து பதில் வந்தது. புதிதாக உருவாக்கிய மொழி என்று விமர்சகர்கள் பாராட்டிவிட்டார்களாம், இனி மாற்ற ஏலாதாம். அது தமிழ் என்று நான் எழுதினேன். அது தங்களுக்குத் தெரியும் என்று எழுதினார்கள். எனக்கு உறைத்தது இந்த இரண்டாவது பதில்தான். என் மேலதிகாரி வரிகளை நீக்கிவிட்டு "வேற்றுக்கிரக மொழி" என்று போட்டார்.

விமர்சனங்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். எனக்குக் கோபம்கூட வரிசைப்படுத்தினால்தான் ஒழுங்காக வரும். அர்த்தம் கழுவப்பட்ட தூய ஓசை என்று மெய்சிலிர்த்தவர்கள் ஒரு பக்கம். கடைசிச் சொல் மரண மந்திரமா சாபமா என்று பத்தி பத்தியாகச் சண்டை பிடித்தவர்கள் மறுபக்கம். இத்தனை பேரில் ஒருவருக்கும் பாரிஸிலோ லண்டனிலோ ஒரு தமிழ் மரக்கறிக் கடைக்குள் போய் நின்று கேட்கத் தோன்றவில்லை.

படம் லண்டனில் ஓடியபோது அம்மாவையும் கூட்டிப் போனேன். மாமா அம்மாவின் தம்பி. பாஸ்போட் வரி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தவர், விடவில்லை. மச்சாள் "போட்டு வாறன்" என்றதும், வீட்டு வாசலில் நிற்பவரைப் போல, "ஓம் பிள்ளை, கவனமாப் போட்டு வா" என்றார். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி உஷ் என்றார்.

அந்த உஷ்காரர்தான் படம் முடிந்ததும் மேடையேறிப் பேசிய விமர்சகர். நான் போனில் மூன்று கேள்வி குறித்து வைத்திருந்தேன். முதலாவதைத் தாண்டவில்லை. அது தமிழ், பேசுவது என் மச்சாள், இறந்துபோன தகப்பனோடு பேசுகிறார் என்றேன். அவர் கனிவாகச் சிரித்தார். ஒவ்வொருவருக்கும் அதில் தன் தாய்மொழி கேட்கிறது, அதுதான் இந்தப் படத்தின் வெற்றி என்றார். மண்டபம் கைதட்டியது.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"அப்ப நாங்கள் ஆராம்?"

அந்தத் தியேட்டர் இப்போது உடற்பயிற்சிக்கூடம். வெம்பிளி அலுவலகமும் இல்லை. சப்டைட்டிலை இயந்திரம் போடுகிறது. அலுவலகத்தை மூடியபோது கணினிகளில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு விற்றார்கள், என் வரிகளும் அதோடு போயின. மச்சாளை அதற்குப் பிறகு விளங்காத மொழி பேசத்தான் கூப்பிட்டார்கள். நடிப்பை விட்டுவிட்டார்.

மச்சாளின் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பிரெஞ்சுதான். போன மாதம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். பிரெஞ்சிலும் கீழே அப்படியே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, தன் அம்மாவுக்கு வேற்றுக்கிரக மொழி தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிகிறாளாம். உண்மைதானா என்று மச்சாளையும் கேட்டாளாம். மச்சாள் போனில் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டுதான் சொன்னனான்."