சாப்பிட்ட தட்டும் காலித் தட்டும்

ஒருவர் சாப்பிட்டாரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? என்னைக் கேட்டிருந்தால், தட்டு காலியாக இருந்தால் சாப்பிட்டார் என்றுதான் சொல்லியிருப்பேன். பாகீரதி அப்படிச் சொல்லமாட்டார்.

பாகீரதிக்கு ஐம்பத்திரண்டு வயது. தினமும் அத்திபெலேயிலிருந்து பஸ் ஏறி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வார்டில் சாப்பாட்டுத் தட்டு கொடுப்பதும் திரும்ப எடுப்பதும் அவர் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு பெண்கள் பி.ஜி. விடுதியில் சமையல். எந்தப் பெண்ணுக்கு வேலை போனது, எவளுக்கு வீட்டு ஏக்கம் என்று மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். வார்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை.

ஏழாம் படுக்கையில் அன்னம்மாள். பிரேசர் டவுன்காரர், எழுபத்தாறு வயது. குளியலறையில் விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். எலும்பு கூடிக்கொண்டிருந்தது. முதுகின் கீழே வந்த படுக்கைப் புண்தான் ஆறவே இல்லை. திங்கட்கிழமை வரை பார்த்துவிட்டு, ஆறாவிட்டால் புண்ணுக்காக மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். இன்னொரு மயக்க மருந்தை அம்மாவின் இதயம் தாங்குமா என்று மகள் குளோரியாவுக்கு ஒரே பயம்.

சாப்பாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கட்டிலில் தொங்கிய தாளில் மூன்று வேளையும் ‘முழுதும் சாப்பிட்டார்’ என்று டிக். எடையும் சேர்ந்த அன்று அறுபத்தொன்று கிலோ, இப்போதும் அறுபத்தொன்று.

வியாழக்கிழமை காலை அன்னம்மாளின் தட்டை எடுத்த பாகீரதி அப்படியே நின்றார். இட்லி நாலும் இல்லை. ஆனால் சாம்பார் குழியில் ஓர் இட்லித் துணுக்குகூட மிதக்கவில்லை. சட்னியில் விரல் பட்ட தடம் இல்லை.

“திண்டி ஆய்த்தா அம்மா?” டிபன் ஆச்சா என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஆச்சும்மா. நாலும் ஆச்சு.”

“சாம்பார் தொடாம நாலு இட்லியா? எங்க ஊர்ல மாடுகூட நடுவுல தண்ணி கேக்கும்.”

அன்னம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்த கண்ணிலேயே நீர் வந்துவிட்டது. இட்லியெல்லாம் பக்கத்துப் படுக்கைக்குத் துணையாக வந்திருந்த பெண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்குத் தாராள மனசு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“பல் செட்டு குத்துதும்மா. ஈறெல்லாம் புண்ணு. மெல்ல முடியல.”

“இதைச் சொல்றதுக்கு என்ன?”

“சாப்பிடலன்னு தெரிஞ்சா மூக்குல குழாய் சொருகிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் கடைசி ஒரு மாசம் குழாயோடதான் கிடந்து போனாரு. யார்கிட்டயும் சொல்லாதே, கையெடுத்துக் கும்பிடுறேன்.”

பாகீரதி வண்டியைத் தள்ளிக்கொண்டு வராண்டாவின் கோடிவரை போனார். தட்டு எடுக்கிற வேலையை மட்டும் பார் என்று சூப்பர்வைசர் முன்பு ஒருமுறை திட்டியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கும்பிட்ட அந்தக் கைதான் உறுத்தியது. ஆனால் திங்கட்கிழமைக்கு இன்னும் நாலே நாள். திரும்பி வந்தார்.

“அம்மா, நான் சொல்லத்தான் போறேன். உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். குழாய் வேணாம்னு நீங்க சொன்னதையும் சேர்த்தே சொல்வேன்.”

“சரியான பிடிவாதக்காரி நீ.”

“நாப்பது பொண்ணுங்களை மேய்ச்சவ நான்.”

மதியம் உணவு ஆலோசகர் வீணா வந்தார். தாளைப் பார்த்துவிட்டு, “எடை குறையலையே அக்கா?” என்றார். பாகீரதி கழுவாமல் வைத்திருந்த தட்டை நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார்.

வீணா அன்னம்மாளின் காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“சதை கரைஞ்சிருக்கு. கால்ல நீர் கோத்துக்கிட்டு எடையைக் குறையாம காட்டியிருக்கு” என்றார்.

மேல்கையை டேப்பால் அளந்தார். கைப்பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். முள் பாதிகூட ஏறவில்லை. நெற்றிப் பொட்டு இரண்டு பக்கமும் உள்வாங்கியிருந்தது. அப்போது பாகீரதி அன்னம்மாளின் கல்யாண மோதிரத்தைக் காட்டினார். கழலாமல் இருக்க அடியில் நூல் சுற்றியிருந்தது.

“இதை எப்பம்மா சுத்துனீங்க?”

“ஈஸ்டருக்கு முன்னாடி.”

விழுந்தது அதற்கு நாலு மாசம் கழித்து. அப்படியென்றால் இளைப்பு ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. முகம் வற்றியதில் பல் செட்டு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த செட்டு குத்தவே சாப்பாடு இன்னும் குறைந்திருக்கிறது. கால் பலம் போய்த்தான் விழுந்தாரோ என்னவோ. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று வீணா எழுதினார்.

குளோரியாவுக்குத் தாங்கவில்லை. “தினமும் ஆபீஸ்லேருந்து போன் பண்ணி, சாப்பிட்டீங்களான்னு கேட்டேனேம்மா!”

“கேட்டே. நானும் சாப்பிட்டேன்னு சொன்னேன்.”

டாக்டர் தியேட்டரைத் தள்ளிப்போட்டார். புண்ணை மூட உடம்பில் சத்து வேண்டுமே. குழாய் இப்போது வேண்டாம், வாயால் எவ்வளவு போகிறது என்று முதலில் பார்க்கலாம் என்றார். பல் டாக்டர் செட்டை ராவிச் சரிசெய்தார். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுப்பது ஆபத்து என்று ராகிக் கஞ்சி, முட்டை, குழைந்த பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதல் இரண்டு நாள் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குழாய் வந்துவிடுமோ என்று பாகீரதிக்கே பயம். மூன்றாம் நாள் அரைக் கிண்ணம் போனது. ஒரு வாரம் கழித்து அன்னம்மாளே தட்டைத் தூக்கிக் காட்டினார்.

“பாரு, துணுக்கு மிதக்குது. இப்ப நம்புறியா, போலீஸ்காரி?”

ஐந்து வாரத்தில் தியேட்டருக்குப் போகாமலே புண் மூடியது.

இப்போது அந்த வார்டுத் தாளில் தட்டு எடுப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவசரமாக டிக் போட வருகிறவர்களை பாகீரதி நிறுத்துகிறார்: “இரு, முதல்ல நான் பாக்கறேன்.”

உங்கள் வீட்டிலும் ஒரு மோதிரம் தளர்ந்திருக்கலாம், ஒரு பல் செட்டு குத்திக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தூரத்திலிருந்து போனில் மட்டும் கேட்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், பாகீரதியின் கதையை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.