ரெட்டைத் திரி

தண்ணீர் வராத நாட்களில் எங்கள் வீட்டு நீலப் பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அடித்தால் 'தொம் தொம்' என்று அடிவயிறுவரை அதிரும். லாரி வந்து நிரப்பிவிட்டால் ஊமையாகிவிடும். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஏழாயிரம்பண்ணையே தண்ணீருக்குத் தவங்கிடந்தபோது, நானும் செல்வமும் மட்டும் லாரி வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தோம். பாவிகள்தாம், என்ன செய்ய! அவனுக்கு அந்த டிரம், எனக்கு மதுரையில் வாங்கிய பழைய கிதார்; சினிமாப் பாட்டைத் தொடமாட்டோம், சொந்தப் பாட்டுத்தான் என்று வீம்பு பிடித்த இரண்டே பேர் கொண்ட ராக் குழு.

பட்டாசுக் கம்பெனியில் திரி பொருத்திய என் அம்மா, "ரெட்டைத் திரின்னா தைரியம்லே. ஒண்ணு நமுத்துப்போனாலும் இன்னொண்ணு பத்திக்கிடும்" என்பாள். அதையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டோம்.

பிளஸ் டூ முடிந்ததும் செல்வத்தை வடக்கே மாமாவின் பட்டாசுக் கடைக்கு அனுப்ப அவன் அப்பா முடிவெடுத்தார். கெஞ்சியதில், "பாட்டு கேக்க நாலு பேரு வரட்டும், இங்கனயே இருந்துக்கோ" என்று இறங்கிவந்தார். மண்டபம் பிடித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சுவரொட்டிக்குச் சொன்னோம். பட்டாசு லேபிள் ஆர்டரில் மூழ்கிக்கிடந்த அச்சகத்தார் 'ரெட்டைத் திரி'யைப் புது வெடியென்றே நினைத்து, எங்கள் முகங்களைச் சுற்றித் தீப்பொறி பறக்கவிட்டு, அடியில் "பற்றவைத்தவுடன் விலகி நிற்கவும்" என்றும் போட்டுவிட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடி அச்சடிக்க வழியில்லாமல் அதையே ஒட்டினோம்.

கூட்டம் வரத்தான் வந்தது. "பெட்டி என்ன வெலைங்க? சாம்பிள் வெடிச்சுக் காட்டுவீகளா?" என்று கேட்டுவிட்டு, முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விட்டது. செல்வத்தின் அப்பா மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தாம்லே அடிச்ச. ஆனா கேக்க யாரு இருக்கா?" என்றார். அதற்குப் பதில் அவர் எங்களைத் திட்டியே இருக்கலாம். அந்த வாரமே செல்வம் ரயிலேறினான்.

இன்று அதே பெயரில் சென்னையிலும் பெங்களூரிலும் நான் ஒற்றை ஆளாக வாசிக்கிறேன், ஆல்பங்களும் வந்துவிட்டன. "இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்புகிறேன். ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. டிரம்மை அம்மா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டாள். அவள் சொன்னபடி நான் பற்றிக்கொண்டேன்தான்; ஆனால் செல்வம் நமுக்கவே இல்லையே. தீபாவளிக்குத் தீபாவளி அவன் கடையிலிருந்து பேசுவான். பேச்சு தீர்ந்த பிறகும் கல்லாப்பெட்டியின் மேல் அவன் விரல்கள் தாளம் போடுவது கேட்கும். அது நிற்கும்வரை நான் போனை வைப்பதில்லை.