எல்லோருக்கும் ஒரே காரணம்

இன்று விருதுநகரில் கணினி வகுப்பு. புள்ளிவிவரங்களை அலசும் மென்பொருள் படிக்கிறோம். பயிற்சிக்காக, கூடப் படிக்கும் ஒருவர் தன் தாத்தா நடத்திய பட்டாசுத் தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். அறுபதுகளில் எழுதியது.

தட்டச்சு செய்துகொண்டே வந்தபோது என் அத்தையின் பெயர் வந்தது. அவர் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த பட்டாசு அறை வெடித்து இறந்துபோனவர்.

காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது.

மேலும் கீழும் பார்த்தேன். எல்லோருக்கும் அதே காரணம். வரைபடம் போட்டால் திரையில் ஒரே ஒரு பட்டை.

"ஒரே பதில்தான் இருக்கு மேடம். இதை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. அழிச்சிருங்க" என்றார் பயிற்சியாளர்.

பதிவேட்டைக் கொண்டுவந்த பேரன் எட்டிப் பார்த்தார். "தாத்தா கையெழுத்து எம்புட்டு அழகு, பாத்தீகளா!"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "உங்க தாத்தா ஒரு தடவகூடக் கவனக்குறைவா இருந்ததில்லையாக்கும்?"

"பழைய கதைய ஏங்க இங்கன பேசுறீக?" என்று முகம் சுளித்தார்.

நான் அழிக்கவில்லை. வரைபடத்தை அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நாளைக்கு அது சுவரில் இருக்குமா, குப்பையில் கிடக்குமா? நீங்களே சொல்லுங்கள். கணிப்புப் பாடம் எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை.