திருப்புலிவனத்தில் ‘வந்துக்கினு இருந்தான்’

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூருக்குக் கிளம்பினோம். கல்வெட்டுகளைப் பார்க்கவேண்டும் என்றது என் தோழி வேரா. ரஷ்யாவிலிருந்து தமிழ் படிக்க வந்தவள். வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. நான் சென்னையில் பன்னிரண்டு வருடமாக ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். அவள் தமிழில் பேரம் பேசி ஜெயிப்பாள். நான் ரஷ்யனில் ஒரு கடிதம் எழுதினால் நாலு இடத்தில் திருத்துவாள். இதைச் சொல்லிவிடுவது நல்லது. பயணம் முழுக்க எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

திருத்துவது பெரும்பாலும் வினைச்சொல்லைத்தான். ரஷ்யனில் வினைகள் ஜோடி ஜோடியாக வரும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதற்கு ஒன்று, ‘வந்து சேர்ந்தான்’ என்பதற்கு வேறொன்று. எதைப் பேசினாலும் காரியம் முடிந்ததா இல்லையா என்று யோசித்துத்தான் வாயைத் திறக்கவேண்டும். அங்கே பிறந்தவர்களுக்கு அது தானாக வரும். எனக்கு வராது.

காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினோம். வழியில் திருப்புலிவனத்தில் இறங்கிக் கோயில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திட்டம். (காலையிலேயே போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.) தரிசனம் முடித்து, சாலையோர நாஷ்டா கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா பெயர் தேவகி, நாற்பது வயதிருக்கும். வேரா தமிழ் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

“இன்னாம்மா, எங்களாட்டமே பேசுற!”

என்னைப் பார்த்து, “மேடம், உங்களுக்கு இன்னா வோணும்?” என்றார். அவளுக்கு ‘அம்மா’, எனக்கு ‘மேடம்’.

தோசை வார்த்துக்கொண்டே குடும்பக் கதை சொன்னார். “தம்பி பெங்களூர்ல கம்பெனில வேல பண்ணிக்கினு இருந்தான். போன வருசம் பொங்கலுக்கு, வண்டில வூட்டுக்கு வந்துக்கினு இருந்தான்...” என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அடடே, தம்பி வந்தா பொங்கல் நல்லா களைகட்டியிருக்குமே!” என்றேன்.

“ம்” என்றார் தேவகி. அவ்வளவுதான்.

வேரா தட்டைக் கீழே வைத்தாள். “அக்கா, தம்பி வீட்டுக்கு வந்து சேரலையா?”

தேவகி அடுப்பை அணைத்தார். “வாலாஜாபேட்ட கூட தாண்டல. லாரி இடிச்சிட்ச்சி.” எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வேராவின் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்கு எப்டிம்மா தெரிஞ்சிது?”

“நீங்க ‘வந்தான்’னு சொல்லலையே, அக்கா.”

தேவகி அழுதார். அழுது முடித்துப் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார், வேராவுக்கு. பக்கத்திலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பேர் என்னங்க?” என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்.

“குமரன், மேடம்.”

சென்னையில் பிறந்து வளர்ந்தவள் நான். ‘வந்துக்கினு இருந்தான்’ எனக்கு அந்நிய பாஷையா? என் மொழி, என் காதுக்கு நேராகச் சொன்னார். அதைக் கேட்டவள் அவள்.

உத்திரமேரூர் பஸ்ஸில் வேரா கேட்டாள்: “என் மேல கோபமா?”

“பொறாமை. அவங்க உன் கையைப் பிடிச்சாங்க.”

வேரா வயலைப் பார்த்தபடியே சொன்னாள்: “நான் ஆறுதலா கேட்கல. இலக்கணமாதான் கேட்டேன். அவங்க அடுப்பை அணைச்சதும்தான் எனக்கு பயமாச்சு.”

அப்படி ஒளிக்காமல் சொல்ல முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். கல்வெட்டுகளை அன்று இரண்டு பேருமே சரியாகப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் முப்பது கிலோமீட்டர். வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்புலிவனத்தில் சாப்பிடுங்கள். அங்கே யாராவது ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தோசையைத் திருப்பினால், அதை நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.