சாம்பிள் டீ

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னைக் காபி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். இராமேஸ்வரம் போகும் சாலையில் உச்சிப்புளி தாண்டிப் புதிதாக ஒரு கஃபே திறந்திருக்கிறார்கள். மேலே பனையோலைக் கூரை, உள்ளே ஏசி. சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம். மாட்டைத் தவிர எல்லாம் இருந்தது. காபிகளின் பெயர்களைப் படிக்க எனக்கு மூக்குக்கண்ணாடி மட்டும் போதவில்லை, மகளும் தேவைப்பட்டாள். அவளே என்னவோ சொன்னாள். அதுவும் வந்தது.

தேங்காய்ச் சிரட்டையில் வந்தது.

வழவழவென்று தேய்த்து, எண்ணெய் பூசி, உருளாமல் நிற்க அடியில் ஒரு மரவளையம் வைத்திருந்தார்கள். கறுப்பு ஏப்ரன் கட்டிய இளைஞர் அதை ஏதோ பிரசாதம் மாதிரி என் முன்னால் வைத்தார்.

"ஈகோ ஃப்ரெண்ட்லி சார். நம்ம பாரம்பரியம்."

"பாரம்பரியந்தான். யாரு பாரம்பரியம்னு தெரியுமா தம்பி?"

அவர் சிரித்தார். பயிற்சியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். "கண்ணாடி கிளாஸ் இருக்கா?" என்றேன். "அது கோல்டு காபிக்கு மட்டுந்தான் சார்."

மகள் போனைத் தூக்கிவிட்டாள். "அப்பா, அப்படியே ரெண்டு கையாலயும் பிடிச்சு உறிஞ்சுங்க. செமயா இருக்கும்."

நான் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, ரொம்பச் சூடா?"

"ஆமா" என்றேன். எனக்கா, காபிக்கா என்று அவள் கேட்கவில்லை.

நண்பரே, என் அய்யா கல்யாணம் ஆகும்வரை எங்கள் ஊர் டீக்கடையில் சிரட்டையில்தான் குடித்தார். அந்தச் சிரட்டைக்கு மரவளையம் கிடையாது. கீழே வைத்தால் உருண்டுவிடும். அதனால் சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். குவளை சிரட்டையில் பட்டுவிடக் கூடாதென்று கடைக்காரர் உயரத் தூக்கி ஊற்றுவார். பாதி கையில் தெறிக்கும். அப்புறம் நாடு முன்னேறியது. சிரட்டை போய்த் தனி கிளாஸ் வந்தது. கடைக்கு வெளியே தென்னந்தட்டியில் செருகியிருக்கும். எங்கள் சாதிக்காரர்கள் அதை உருவி, கழுவி, எட்ட நின்று நீட்டி, வாங்கி, குடித்து, மறுபடி கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். கடைக்குள் கொதிதண்ணீரில் முங்கி எழுகிற கிளாஸ்கள் மற்றவர்களுக்கு. அடிப்பக்கம் கனமாக, பட்டை பட்டையாக வெட்டுப்போட்ட கிளாஸ்கள். வெயில் பட்டால் டீ அதற்குள் செங்கல் நிறத்தில் மின்னும். நான் அதைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறேன்.

இது தெரியாமல் என் நண்பர்கள் என்னை டீ நிபுணன் என்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கே எந்த டீ நல்லது என்று கேட்டு இன்னமும் போன் வருகிறது. நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுவேன். இளம் வயதில் ஒரு டீக்காகச் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை உண்மைதான். ஆனால் ருசி தேடிப் போனதாகச் சொல்வது நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். "எந்த ஊருப்பா? எந்தத் தெரு? யாரு மகன்?" என்று கேட்டுவிட்டு எந்த கிளாஸை எடுப்பது என்று முடிவு செய்யாத கடை எங்கே இருக்கிறது என்றுதான் தேடினேன். அப்படித் தேடுகிறவனுக்கு நாக்கும் கூடவே வளர்ந்துவிடுகிறது. வேறு வழி?

அந்த நாக்கை நம்பித்தான் இராமநாதபுரத்தில் ஒரு டீத்தூள் ஏஜென்சியில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். ஒரு பழைய மொபெட், பின்னால் தார்ப்பாய்ப் பை, பை நிறையத் தூள். உடம்பெல்லாம் தூள்மணம். சட்டையை உதறினால் அரை கிளாஸ் டீ போடலாம். மழையில் நனைந்துவிட்டு வந்தால் அம்மா, "கொஞ்சம் பாலும் சீனியும் போட்டா ஒன்னையவே ஆத்திக் குடிக்கலாம்லே" என்பாள்.

அந்தக் காலத்து டீத்தூள் வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தூளில் புளியங்கொட்டைத் தோல், பழைய சக்கை எல்லாம் அரைத்துக் கலப்பார்கள். அதனால் புதுத் தூள் கொண்டுபோகிற சேல்ஸ்மேன், கடைக்காரர் கண்ணெதிரே அதே பாய்லரில் ஒரு சாம்பிள் டீ போடச் சொல்ல வேண்டும். முதல் கிளாஸ் சேல்ஸ்மேன் குடிக்க வேண்டும். அவன் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தால் இரண்டாவது கிளாஸ் கடைக்காரருக்கு. அப்புறம்தான் ஆர்டர். அரசர்களுக்கு முன்னால் உணவை ருசி பார்க்க ஆள் வைத்திருப்பார்களாமே, கிட்டத்தட்ட அந்த உத்தியோகம். சம்பளம் மட்டும் அரண்மனைச் சம்பளம் இல்லை.

பெரியபட்டினத்தில் காசிம் பாய் கடை. இஞ்சியை நசுக்கிப் போட்டுப் போடுவார். முதல் நாள் போனபோது என்னிடம் ஒன்றும் கேட்காமல் கொதிதண்ணீரிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து ஊற்றி, கையில் கொடுத்தார். கையில் என்றால் கையில்தான். அவர் விரல் என் விரலில் பட்டது. நான் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, ஈ கெடக்கா?"

"இல்ல பாய்."

"பெறகென்ன பாக்குற? பிஸ்மில்லான்னு குடி. நீ குடிச்சாத்தான நான் குடிக்கணும். செத்தா ரெண்டு பேரும் சேந்து சாவோம்."

குடித்தேன். கூடவே தொதல் ஒரு துண்டு வைத்தார். கறுப்பாக, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் நெய்யுமாக, பல்லில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற மிட்டாய். அதை மென்று முடிப்பதற்குள் பாய் ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுவார். எதிர்த்துப் பேச முடியாது, வாய் ஒட்டியிருக்கும். வியாபாரத் தந்திரம் என்று இப்போது தோன்றுகிறது.

பாம்பனில் சூசை அண்ணன் கடை. கடலிலிருந்து கரையேறுகிறவர்களுக்கு டீ கசாயம் மாதிரி இருக்க வேண்டும். என் சாம்பிளைக் குடித்துவிட்டு, "ஏலே, இது டீயா, இல்ல டீயைக் காட்டிட்டு எடுத்த தண்ணியா? மீன்பாடு இல்லாம வாரவன் இதைக் குடிச்சா என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுருவான்" என்பார். திட்டிக்கொண்டே இன்னொரு கிளாஸ் ஊற்றுவார். காசிம் பாய் கடையிலும் சூசை அண்ணன் கடையிலும் மனிதர்கள் தெய்வங்களாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் அவரவர்க்கு அவரவர் கணக்கு இருந்திருக்கும். என்னிடம் எந்தத் தெரு, யாரு மகன் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. எவ்வளவு சின்ன ஆசை பாருங்கள், எரிச்சலாக வருகிறது.

இப்படி ஊரூராக டீ குடித்து நெஞ்சு நிமிர்ந்து போயிருந்த நாளில் ஏஜென்சி முதலாளி எனக்குத் திருப்புல்லாணி லைனையும் சேர்த்துக் கொடுத்தார். அதில் எங்கள் ஊரும் வந்தது. எங்கள் ஊரில் ஒரே டீக்கடை, ராசு கடை. தட்டியில் தனி கிளாஸ் செருகியிருந்த அதே கடை.

பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். ஏன் தெரியுமா? சாம்பிள் டீ! முதல் கிளாஸ் சேல்ஸ்மேன்தான் குடிக்க வேண்டும். வியாபாரச் சட்டம். ராசு அந்தப் பட்டை போட்ட கிளாஸில் ஊற்றித் தன் கையால் எனக்குக் கொடுத்தே தீர வேண்டும். அன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். டீக்கடைக்குப் போக இஸ்திரி போட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

மொபெட்டை நிறுத்தி, மற்ற ஊர்களில் பேசுகிற மாதிரியே, "வணக்கம் அண்ணாச்சி, புதுத்தூள் வந்திருக்கு" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை இறக்கினார்கள். எங்கள் தெருவில் ராசுவை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. மொதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும்.

ராசு கோபப்படவில்லை. "அடடே, செல்லையா மகனாலே? டவுன்ல வேலன்னாக, நல்லா இரு" என்று சிரித்தார். தூளை வாங்கி, கொதிக்கவிட்டு, வடித்து, ஆற்றினார். அருமையான கை. உள்ளே இருந்து ஒரு கிளாஸை எடுத்து ஊற்றினார். என் கை தானாக நீண்டது.

அவர் கிளாஸைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு கிளாஸைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"நீ குடிச்சாச்சுன்னு வச்சுக்கிருவோம்."

பெஞ்சு சிரித்தது. ராசு ஆர்டர் கொடுத்தார். என் லைனிலேயே பெரிய ஆர்டர். முதலாளி என் முதுகில் தட்டி, "சாம்பிள்கூட குடிச்சுக் காட்டாம எடுத்திருக்காரே! சொந்த ஊர்ல ஒன் மேல என்னா நம்பிக்கை!" என்றார். வீட்டில் அய்யாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "ஆர்டர் குடுத்தானா இல்லையா?" என்றார். "குடுத்தாரு." "பெறகு என்ன? டீதான குடிக்கணும்னா காசிம் பாய் கடையில போய்க் குடி" என்றார். டீ இல்லை என்று அவருக்கும் தெரியும். அவர் கை தெரிந்துகொண்டது என் கையைவிட அதிகம்.

ஒவ்வொரு தடவை புதுச் சரக்கோடு போகும்போதும் "வச்சுக்கிருவோம்" நடந்தது. பெஞ்சுக்கு அது பழகி, நான் வந்ததுமே யாராவது, "என்னப்பா, குடிச்சாச்சா?" என்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். சேல்ஸ்மேன் அல்லவா, பல் கம்பெனிச் சொத்து.

ஒரு நாள் பல்லை மூடிக்கொண்டேன். "கம்பெனி ரூல் அண்ணாச்சி. நான் குடிக்காம பில்லுப் போட முடியாது" என்று தூளை மறுபடி பையில் போட்டுக் கட்டினேன். அப்படி ஒரு ரூல் எழுத்தில் எங்கும் கிடையாது. ராசு முகம் தொங்கியது. அந்தத் தூளுக்கு ஊர் பழகிவிட்டிருந்தது. "அடுத்த தடவை வாலே, பாப்போம்" என்றார்.

அடுத்த தடவை போனேன். ராசு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே சுவரில் புதிதாக ஓர் ஆணி. அதில் ஒரு வெள்ளித்தாள் சுற்றிய பொட்டலம். பிரித்தார். பளபளவென்று, கைப்பிடி வைத்த எவர்சில்வர் டம்ளர்.

"மதுரைக்குப் போனப்ப ஒனக்குன்னே வாங்கிட்டு வந்தேம்லே. வேற ஒருத்தனும் தொடமாட்டான். நீ உள்ளயே நின்னு குடி. இப்பச் சந்தோசமா?"

பெஞ்சில் ஒரு பெரியவர் கண் கலங்கியே போனார். "ராசு மனசு யாருக்கு வரும்? எங்களுக்கே ஒடைஞ்ச கிளாசு, அவனுக்கு எவர்சில்வர்!"

இன்றுவரை நினைத்தால் காது சூடாகிறது. அவர் மனதாரத்தான் செய்தார். அதுதான் தாங்க முடியவில்லை. மனதார, மதுரை வரை போய், எனக்கென்று ஒரு தீண்டாமை வாங்கி, வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். நான் நன்றி சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இது வேணாம் அண்ணாச்சி. அதுல குடுங்க" என்று பட்டை போட்ட கிளாஸைக் காட்டினேன்.

"அது ஒடைஞ்சு கெடக்குலே."

"பரவாயில்ல."

"இது புதுசு."

"அதான் வேணாங்கேன்."

ராசு டம்ளரை மறுபடி ஆணியில் மாட்டினார். "ஒசத்தியாக் குடுத்தாலும் ஏத்துக்கிற புத்தி வேணும்" என்றார். சத்தமாகக்கூட இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வேறு கம்பெனித் தூளுக்கு மாறிவிட்டார். ஏஜென்சி முதலாளி, "ஒரு டம்ளருக்காகவா ஒரு பெரிய கடையை விட்ட?" என்று தலையிலடித்துக்கொண்டார். விளக்கிச் சொல்லப் பார்த்தேன். "டம்ளர் நல்லாத்தான இருந்துச்சு?" என்றார். நான் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

பிறகு பேப்பர் கப் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை முதலில் வாங்கிப் போட்டவர் ராசுதான். எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் கசக்கிக் குப்பையில் போடலாம். தட்டியில் செருகியிருந்த கிளாஸ் காணாமல் போனது. ஊரில் சமத்துவம் வந்துவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை நண்பரே. தொட்டதைத் தூக்கி எறிய ஒரு வசதி வந்தது, அவ்வளவுதான்.

காபி குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் மகளை எங்கள் ஊர்ப் பக்கம் வண்டியை விடச் சொன்னேன். ராசு இறந்து வெகுநாள் ஆகிறது. கடை இருந்த இடத்தில் அவர் பேரன் ஒரு கண்ணாடிக் குளிர்பெட்டி வைத்திருக்கிறான். அதில் வரிசையாகத் தகரக் குப்பிகளில் காபி. பாய்லர் இல்லை, பால் இல்லை, ஆற்றுகிற கை இல்லை. திருகினால் காபி. ஒன்று வாங்கினேன். குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீரில் காபியின் ஞாபகம் கொஞ்சம் இருந்தது.

"தம்பி, தாத்தா கடையில பட்டை போட்ட கண்ணாடி கிளாஸ் இருந்துச்சே, ஒண்ணாவது மிச்சம் கெடக்கா?"

"அதுவா சார்? பேப்பர் கப்பு வந்தப்பவே தாத்தா பழைய சாமான்காரன்ட்ட சாக்குல கட்டித் தூக்கிப் போட்டுட்டாராம். ஏன் சார், இப்ப அதுக்கு டவுன்ல கிராக்கியா?"

கிராக்கிதான். மகள் வண்டியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன், அய்யாவின் கை வெந்தது முதற்கொண்டு. கேட்டுவிட்டு அவள் போனை எடுத்து, கஃபேயில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

ராசு போய்விட்டார், பெஞ்சு போய்விட்டது, அய்யாவும் போய்விட்டார். கிளாஸ்கள் சாக்கில் போய்விட்டன. எங்கள் தெருவில் ஒருவர் உதடும் படாமலே போய்விட்டன. இனி அந்தக் கடையில் எனக்கு அதைக் கொடுக்கவும் ஆள் இல்லை, கொடுக்க மறுக்கவும் ஆள் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?